பிரியொராட் மலையின் வயதான கொடிகள்: கரிஞேனா திராட்சையைப் பற்றிப் பேசலாமா?

கொடிமுந்திரி

போன சனிக்கிழமை ஸ்பெயினின் பிரியொராட் ஒயின் வட்டாரத்தில் இருக்கும் பொரேரா கிராமத்துக்குப் போய் வந்தேன். நான் இருப்பது தாரகோனாவில். ரெயுஸ் ஊரைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பிரியொராட் வந்துவிடும். ஐந்தாறு தடவை போயிருக்கிறேன். ஆனால் இந்த முறைதான் ஒரு தோட்டக்காரர் தன் கொஸ்தெருக்குள் என்னை இறங்கி நடக்க விட்டார்.

செங்குத்துச் சரிவில் இருக்கும் தோட்டத்துக்கு அங்கே கொஸ்தெர் என்று பெயர். படிப்படியாக வெட்டாமல், மலை எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அப்படியே கொடிகளை நட்டிருப்பார்கள். கால் வைத்தால் கல் சறுக்குகிறது. அந்தக் கல்தான் லிகொரெல்லா. பள்ளிக்கூடத்துச் சிலேட்டை நொறுக்கிக் கொட்டியதுபோல் கருஞ்சாம்பல் நிறத்தில் கிடக்கும், வெயில் பட்டால் உள்ளிருக்கும் அபிரகம் மின்னும். "மண்ணே இல்லையே, வேர் எதைப் பிடிக்கிறது?" என்று கேட்டேன். அவர் குனிந்து ஒரு துண்டை எடுத்துக் கையாலேயே இரண்டாகப் பிளந்தார். அந்தப் பிளவு வழியாகத்தான் வேர் தண்ணீரைத் தேடி இறங்குகிறதாம்.

பந்தல் கிடையாது, கம்பி கிடையாது. ஒவ்வொரு கொடியும் தனிப் புதர். உயரம் முழங்கால் அளவுதான், ஆனால் தண்டு என் தொடைப் பருமன் இருந்தது. அவருடைய தாத்தா காலத்தில் நட்டவை. எவ்வளவு காய்க்கும் என்று கேட்டதற்கு, நல்ல வருடத்தில் கொடிக்கு ஒரு கிலோ என்றார். ஒரு புட்டி ஒயினுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் வேண்டும். அதாவது நாம் ஒரு புட்டியைத் திறக்கும்போது, ஒரு கொடியின் முழு வருட உழைப்பும் பக்கத்துக் கொடியின் கொஞ்சமும் அதில் இருக்கிறது. நான் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

இழையைத் தொடங்கும் காரணம் இதுதான். பிரியொராட் என்றாலே எல்லோரும் கர்னாச்சா திராட்சையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்தத் தோட்டக்காரர் ஊற்றிக் கொடுத்தது கரிஞேனா. நாவல் பழம் தின்ற நாக்குபோல் ஒரு துவர்ப்பு, அதற்குப் பின்னால் விடாமல் ஒரு புளிப்பு, கடைசியில் மழை விழுந்த சூடான கல்லின் வாசனை. இந்த மலையின் உயிர் கரிஞேனாவில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் அனுபவம் என்ன?

தக்கை

அக்கா, படிக்கும்போதே போகவேண்டும் போலிருக்கிறது. எனக்கு முதலில் ஒரு அடிப்படைச் சந்தேகம். கடையில் பார்க்கும் பாதி ஸ்பானிய ஒயின்களில் 'பழைய கொடி' என்று போட்டிருக்கிறது. அதற்கு எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்? ஏதாவது சட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமே.

மேற்குமலை

பொதுவான சட்டம் இல்லை, தக்கை. இருபத்தைந்து வயதுக் கொடியையும் பழையது என்று எழுதி விற்பவர்கள் இருக்கிறார்கள். சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பு 2024-இல்தான் ஒரு வரையறை தந்தது. நட்டதற்குப் பதிவு இருந்து 35 வயதோ அதற்கு மேலோ ஆன கொடி 'பழைய கொடி'. ஒரு தோட்டத்தில் குறைந்தது 85 சதவீதம் கொடிகள் அப்படி இருந்தால் அது 'பழைய தோட்டம்'. அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. ஸ்பெயினின் ரியோஹா ஒயின் வட்டாரத்தில் 2017-இல் கொண்டுவந்த தனித்தோட்ட வகைக்கும் 35 வயதுதான் எல்லை.

பிரியொராட் இதில் கறாரான ஊர். அங்கே 'வெல்யெஸ் வின்யெஸ்' (பழைய கொடிகள்) என்று புட்டியில் போட வேண்டுமானால் 75 வயது தாண்டியிருக்க வேண்டும், அல்லது 1945-க்கு முன் நட்டதாக இருக்க வேண்டும். அதனால் அந்தச் சொல்லை பிரியொராட் புட்டியில் பார்த்தால் நம்பலாம். வேறு ஊர்ப் புட்டியில் பார்த்தால் தயாரிப்பாளரிடம் வயதைக் கேளுங்கள்.

தக்கை

நன்றி அண்ணா. சரி, அப்புறம் அடுத்த கேள்வி. வயதானால் ஏன் நன்றாக இருக்க வேண்டும்? மாமரம் வயதானால் காய்ப்பு குறையும், வெட்டிவிட்டு வேறு நடுவார்கள். திராட்சையில் மட்டும் ஏன் இத்தனை மரியாதை?

மேற்குமலை

நல்ல கேள்வி. நான் தோட்டக்கலை படித்தவன், ஆறு வருடம் பிரான்சின் தெற்கே திராட்சைத் தோட்டங்களில் வேலை பார்த்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காய்ப்பு குறைவது உண்மை. ஆனால் ஒயினுக்கு அது பாதகமில்லை. கொத்துகள் குறைவு, பழம் சிறியது, தோலின் பங்கு அதிகம். நிறமும் துவர்ப்பும் வாசனையில் பெரும்பகுதியும் தோலில் இருக்கின்றன. அடுத்தது, பருத்த தண்டும் பழைய வேரும் மாவுச்சத்துக் கிடங்கு மாதிரி. வசந்தத்தில் துளிர்க்கவும், வெயில் கடுமையாகும்போது தாக்குப்பிடிக்கவும் கொடி அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இளம் கொடி ஒரு நல்ல மழைக்கு இலையாகத் தள்ளிவிடும், ஒரு வறட்சிக்கு வாடிவிடும். வயதான கொடிக்கு அந்த அவசரம் இல்லை. அதனால் வருடத்துக்கு வருடம் பழத்தின் தரம் அவ்வளவாக ஆடாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்பது வருடம் ஒரு தோட்டத்தை யாரும் பிடுங்கவில்லை என்றால், அது முதலிலேயே நல்ல இடமாக இருந்திருக்கலாம். மோசமான இடங்களை எப்போதோ பிடுங்கியிருப்பார்கள். அப்புறம், அந்தக் காலத்தில் நாற்றங்காலில் வாங்கிய ஒரே மாதிரிச் செடிகளை நடவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டத்துக் குச்சிகளை வெட்டிக் கலந்து ஒட்டுக்கட்டினார்கள். ஒரே தோட்டத்தில் நூறு விதமான கரிஞேனா இருக்கும். சுவையின் ஆழத்தில் எது வயதால் வந்தது, எது இந்தக் கலவையால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். எனக்கு இந்தக் கலவையின் மேல்தான் மதிப்பு அதிகம். கொடியைப் பிடுங்கினால் அந்த வித்துக்களஞ்சியமே போய்விடும்.

உப்புக்காற்று

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். பிரியொராட் எனக்கு ஒத்துவரவில்லை. மூன்று நான்கு தடவை முயன்றேன். கடைசியாக வாங்கியது விலை உயர்ந்த ஒரு புட்டி, தயாரிப்பாளர் பெயர் வேண்டாம். பதினைந்தரை சதவீதம் ஆல்கஹால். வெனிலாவும் கருகிய மரமும்தான் தெரிந்தன. தொண்டை எரிந்தது. பழைய கொடி, சிலேட்டுக்கல் என்றெல்லாம் பின்னால் எழுதியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பழத்தை அப்படிப் பீப்பாயில் போட்டு அமுக்குவதற்கு இளம் கொடியே போதுமே என்று வருத்தமாக இருந்தது. தவறு என்னுடையதா, ஒயினுடையதா?

கொடிமுந்திரி

உப்புக்காற்று, உங்கள் வருத்தம் நியாயமானது. அது ஒரு காலத்து ஒயின். அந்தக் காலம் எப்படி வந்தது என்று தெரிந்தால் எந்தப் புட்டியை எடுப்பது என்று தெரிந்துவிடும்.

1980களின் கடைசியில் ஒயின் தயாரிப்பாளர் ரெனே பார்பியேவைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் கிரதலோப்ஸ் கிராமத்துக்கு வந்தது. ஆல்வரோ பலாசியோஸ், கார்லெஸ் பாஸ்த்ரானா, ஜோசெப் லுயிஸ் பெரேஸ், டாஃப்னி குளோரியன் எல்லோரும் அதில் உண்டு. 1989 அறுவடையைச் சேர்ந்தே செய்து, வெவ்வேறு பெயரில் புட்டியில் அடைத்தார்கள். குளோஸ் மொகதோர், குளோஸ் எராஸ்முஸ், குளோஸ் மார்ட்டினெட் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். பலாசியோஸ் 1993-இல் லெர்மீதா என்ற தோட்டத்து ஒயினைக் கொண்டுவந்தார். வடகிழக்கு பார்த்த சரிவில் பழைய கர்னாச்சா. இன்று அதன் விலை ஆயிரம் யூரோவைத் தாண்டும்.

உலகம் திரும்பிப் பார்த்தது. அமெரிக்க விமர்சகர்கள் நூற்றுக்கு நூறு போட்டார்கள், குளோஸ் எராஸ்முஸ் 2004-க்கும் 2005-க்கும் அப்படிக் கிடைத்தது. உடனே எல்லோரும் அதே பாணியில் இறங்கினார்கள். நன்றாகப் பழுக்கவிட்டு, புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாயில் போட்டு, கூடவே காபர்னே, சிரா திராட்சைகளைக் கலந்து. நீங்கள் குடித்தது அதில் ஒன்றாக இருக்கும்.

இப்போது காற்று மாறிவிட்டது. சீக்கிரம் பறிக்கிறார்கள், பெரிய பழைய பீப்பாய், சிமெண்டுத் தொட்டி, சிலர் களிமண் சாடி. தொரோஜா கிராமத்தின் தெர்ருவார் அல் லிமித் நிறுவனம் செய்யும் லெஸ் மான்யெஸ் கர்னாச்சாவைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் பிரியொராட் என்றே சொல்லமாட்டீர்கள், அவ்வளவு மெல்லியது. ஆனால் அது சிலேட்டில் இல்லை, 800 மீட்டர் உயரத்தில் களிமண்ணில் விளைவது.

பின்மாலை

கொடிமுந்திரி, அருமையாகச் சொன்னீர்கள். ஒரே ஒரு திருத்தம். 1989-இல்தான் எல்லாம் ஆரம்பித்தது என்ற கதை எனக்குக் கொஞ்சம் சங்கடம் தரும். அந்தக் கூட்டம் வந்தபோது அங்கே கொடிகள் காத்துக்கொண்டிருந்தனவே, அவற்றை யார் வைத்திருந்தார்கள்?

பிரியொராட் என்ற பெயரே மடத்துத் தலைவரான 'பிரியர்' என்பதிலிருந்து வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முடிவில் மொன்சாந்த் மலையடிவாரத்தில் கார்த்தூசியத் துறவிகள் மடம் கட்டினார்கள். ஒரு பைன் மரத்தின் மேல் ஏணி வைத்து தேவதைகள் வானத்துக்கு ஏறுவதை இடையன் ஒருவன் பார்த்தான் என்பது ஐதீகம். அதனால் ஸ்கலா தேய், கடவுளின் ஏணி. சுற்றியிருந்த கிராமங்களில் திராட்சையை வளர்த்தவர்கள் அவர்கள். 1835-இல் அரசு மடங்களின் சொத்தைப் பறிமுதல் செய்தபோது துறவிகள் வெளியேறினார்கள், மடம் சூறையாடப்பட்டது. இன்றும் சிதிலமாகத்தான் நிற்கிறது. போகிறவர்கள் தவறாமல் பாருங்கள்.

அந்த நூற்றாண்டின் கடைசியில் வேர்ப்பேன் வந்தது. ஃபைலாக்ஸெரா. மலை முழுக்கக் கொடிகள் செத்தன. திரும்ப நட்டபோது நிறையப் பேர் கரிஞேனாவைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் ருசி இல்லை. அது நன்றாகக் காய்க்கும், நிறம் தரும், மொத்தமாக விற்கலாம். பிற்காலத்தில் அதை மட்டமான திராட்சை என்று ஒதுக்கியதற்கும் அதுவே காரணம். ஆனால் சமவெளியில் தண்ணீர் விட்டு வளர்த்த கரிஞேனாவும், சிலேட்டில் எண்பது வருடம் பட்டினி கிடந்த கரிஞேனாவும் ஒன்றா?

அதற்குப் பின் ஊரே காலியானது. இளைஞர்கள் ரெயுஸ், தாரகோனா, பார்சிலோனா என்று ஆலை வேலைக்குப் போனார்கள். பெல்முன்ட் ஊரின் ஈயச் சுரங்கமும் 1972-இல் மூடியது. 1980களில் பிரியொராட்டில் மிஞ்சிய தோட்டம் 600 ஹெக்டேர் சுமாருக்குத்தான். அதைக் காப்பாற்றியவர்கள் கோவேறு கழுதையை வைத்து உழுது, கூட்டுறவுச் சங்கத்துக்குப் பழம் போட்டுக்கொண்டிருந்த கிழவர் கிழவிகள். டிராக்டர் ஏற முடியாத சரிவு என்பதால் பிடுங்கிவிட்டு வேறு நடவும் யாரும் வரவில்லை. புட்டியில் அடைத்து விற்றதுகூட புதிதல்ல. ஸ்கலா தேய் நிறுவனத்தின் 1974 கார்தோய்ஷா ஒயின் அந்த ஐவருக்கும் முந்தியது.

தக்கை

ஐயா, வேர்ப்பேன் எல்லாவற்றையும் கொன்றுவிட்டது என்றால், அதற்கு முந்தைய சொந்த வேர்க் கொடிகள் பிரியொராட்டில் இல்லையா? சிலேட்டுக்கல்லில் அந்தப் பேன் வராது என்று எங்கோ படித்தேன்.

மேற்குமலை

மணலைச் சொல்லியிருப்பார்கள். மணலில்தான் அந்தப் பூச்சிக்கு நகரக் கடினம். அதனால் தோரோ, ருவேதா பகுதிகளில் மணல் நிலத்துச் சொந்த வேர்க் கொடிகள் பிழைத்தன. கனேரித் தீவுகளுக்கு அந்தப் பூச்சி வெகுகாலம் பரவவே இல்லை, 2025-இல்தான் தெனெரீஃபில் தென்பட்டது. சிலேட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிரியொராட்டின் பழைய கொடிகள் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டியவை. அதனால் அங்கே மிகப் பழையவை என்றால் நூற்றிருபது வருடம் சுமார். பொபொலேடா கிராமத்தில் மாஸ் தோய்க்ஸ் குடும்பத்துக்கு 1902-இல் நட்ட கரிஞேனா தோட்டம் இருக்கிறது, அந்த வருடத்தையே ஒயினுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

வடகாற்று

மாட்ரிட்டிலிருந்து எழுதுகிறேன். உப்புக்காற்றுக்கு என் யோசனை: பிரியொராட்டை விட்டுவிட்டு கிரேதோஸ் மலைப்பக்கம் வாருங்கள். இங்கே கருங்கல் மணல், பழைய கர்னாச்சா, ஆயிரம் மீட்டருக்கும் மேலே. நிறம் ரோஜா இதழ் மாதிரி, பார்த்தால் இதுவா சிவப்பு ஒயின் என்று தோன்றும். கொமாந்தோ ஜி என்ற பெயரில் தானியேல் லாந்தியும் பெர்னாந்தோ கார்சியாவும் 2008 முதல் செய்கிறார்கள். அவர்களுடைய ரும்போ அல் நோர்த்தே ஒயின் கிடைப்பது அரிது, ஆனால் கிராம ஒயின்கள் கையில் எட்டும். ஆரஞ்சுத் தோலும் மலை மூலிகைகளும் போல் ஒரு மணம். சிலேட்டின் கனம் வேண்டாம் என்பவர்களுக்கு இதுதான் சரி.

வடமேற்கே பியெர்சோ வட்டாரமும் இருக்கிறது. கொருயோன் கிராமத்துச் சரிவுகளில் மென்சியா திராட்சை. பலாசியோஸும் அவர் சகோதரியின் மகன் ரிக்கார்தோவும் அங்கே 1990களின் கடைசியில் ஆரம்பித்தார்கள். அதுவும் சிலேட்டுதான், ஆனால் மழை அதிகம், குளிர்ச்சி.

கொடிமுந்திரி

வடகாற்று, கிரேதோஸ் எனக்கும் பிடிக்கும். ஆனால் உப்புக்காற்றை இழுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அவர் இன்னும் நல்ல கரிஞேனா குடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

உப்புக்காற்று, உங்கள் புட்டியில் என்ன திராட்சை என்று பாருங்கள். கர்னாச்சாவின் தோல் மெல்லியது, சர்க்கரை சீக்கிரம் ஏறும், புளிப்பு சீக்கிரம் இறங்கும். அதனால் ஆல்கஹால் தூக்கலாகத் தெரியும். கரிஞேனா தாமதமாகப் பழுக்கும், புளிப்பை விடாது. அதே அளவு ஆல்கஹால் அதில் எரிச்சலாகத் தெரியாது. பெயரில் ஒரு குழப்பமும் உண்டு. அரகோனில் கரிஞேனா என்றே ஒரு ஒயின் வட்டாரம் இருப்பதால் காத்தலோனியாவில் 'சம்சோ' என்றும் எழுதுவார்கள். ரியோஹாக்காரர்களுக்கு அது மசுவேலோ. எல்லாம் ஒன்றுதான்.

புட்டியில் கிராமத்தின் பெயரும் பாருங்கள். 'வி தெ விலா' என்று இருந்தால் கிராம ஒயின். 2009-இல் கொண்டுவந்தார்கள், மொத்தம் பன்னிரண்டு வட்டாரங்கள். கரிஞேனா வேண்டுமானால் பொரேரா, பொபொலேடா. நேரடியாகப் பொரேராவில் ஆரம்பியுங்கள்.

பின்மாலை

குடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அறைச் சூட்டில் ஊற்றாதீர்கள். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, 16 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் தொண்டை எரிச்சலில் பாதி அதனால் இருக்கலாம். இரண்டு மணி நேரம் முன்பே ஒரு குடுவைக்கு மாற்றிவிடுங்கள். கூட ஆட்டிறைச்சி, அல்லது தணலில் சுட்ட கத்தரிக்காய், குடைமிளகாய். அந்த ஊரில் பாதாமும் ஹேசல் கொட்டையும் போட்டு அரைக்கும் ரொமெஸ்கோ துவையல் இதற்கென்றே பிறந்தது.

மேற்குமலை

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் வருடத்துக்கு 400 முதல் 600 மில்லிமீட்டர் மழைதான், சிலேட்டு அதையும் பிடித்து வைக்காது. 2019 ஜூன் இறுதியில் அனல் காற்று அடித்து ஒரே நாளில் கொத்துகள் கருகின. அடுத்து 2022, 2023 வறட்சி. வயதான கொடி வறட்சியைத் தாங்கும் என்று நானே மேலே எழுதினேன். தாங்கும், ஆனால் எல்லை உண்டு. தொடர்ந்து மூன்று வருடம் கிடங்கு நிரம்பாவிட்டால் அதுவும் சாகும். கொடிமுந்திரி, உங்கள் தோட்டக்காரர் இதைப் பற்றி ஏதும் சொன்னாரா?

கொடிமுந்திரி

சொன்னார். காட்டவும் செய்தார். சரிவின் மேல்பக்கம் ஏழெட்டு கொடிகள் கருத்துப்போய் நின்றன. அவற்றை இன்னும் பிடுங்கவில்லை. அதே இடத்தில் பக்கத்துக் கொடியின் குச்சியை ஒட்டுக்கட்டி நடப்போகிறாராம். கடையில் கன்று வாங்கமாட்டேன் என்றார். புதியது ஒழுங்காகக் காய்க்க நான்கைந்து வருடம், அவர் மதிக்கிற மாதிரி காய்க்க முப்பது வருடம். அவருக்கு வயது எழுபதுக்குப் பக்கம். மகள் பார்த்துக்கொள்வாள் என்றார்.

விலையைப் பற்றியும் கேட்டேன். ஒரு ஹெக்டேர் கொஸ்தெரைக் கழுதை வைத்து உழ, கையால் கவாத்து செய்ய, கூடையில் பறித்துத் தோளில் தூக்கிவர ஆகும் ஆள்கூலியைக் கணக்குப் போட்டுக் காட்டினார். சமவெளியில் இயந்திரத்தால் பறிப்பவரோடு அவர் எப்படிப் போட்டி போடுவார்? முப்பது யூரோ புட்டியை நான் இனி விலை அதிகம் என்று சொல்லமாட்டேன். நூறு, இருநூறு யூரோ புட்டிகள் வேறு கதை. அங்கே பெயருக்கும் விமர்சகர்கள் போடும் புள்ளிக்கும் கொடுக்கிறோம், அந்தப் பணம் பழம் போட்ட குடும்பத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று விசாரித்து வாங்குவது நல்லது.

தக்கை

அக்கா, மே மாதம் ஃபல்செட் ஊரில் ஒயின் திருவிழா நடக்குமே, முதல் வாரத்தில்? அதற்கு வந்தால் எல்லாக் கிராமத்து ஒயினும் ஒரே இடத்தில் சுவைக்கலாமா?

கொடிமுந்திரி

சுவைக்கலாம், தம்பி. பிரியொராட்டும், அதைச் சுற்றி வளையமாக இருக்கும் மொன்சாந்த் வட்டாரமும் சேர்ந்து கடை போடுவார்கள். மொன்சாந்திலும் பழைய கரிஞேனா இருக்கிறது, விலை பாதி. தங்க இடம் முன்பே பிடித்துவிடு, ஊர் சின்னது. மலையேற நல்ல செருப்பு வேண்டும். தோட்டத்துக்கு நான் கூட்டிப்போகிறேன்.

உப்புக்காற்று

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பொரேரா கிராம ஒயின் ஒன்று கிடைத்தது, கரிஞேனா மிகுதி, கொஞ்சம் கர்னாச்சா, பதினான்கரை சதவீதம், இருபத்தெட்டு யூரோ. பின்மாலை ஐயா சொன்னபடி குளிரவைத்து, குடுவைக்கு மாற்றினேன்.

முதல் மணி நேரம் மூடியே கிடந்தது. துவர்ப்பு மட்டும்தான். மறுபடியும் ஏமாந்தோம் என்று நினைத்துப் பாதியை மூடி வைத்துவிட்டேன். மறுநாள் இரவு திறந்தபோது அது வேறு ஒயின். கொடிமுந்திரி எழுதிய நாவல் பழம் அப்படியே இருந்தது. மரத்தின் வாசனை இல்லை. கடைசியில் ஈரக் கல், பென்சில் சீவிய தூள் மாதிரி ஒன்று, அது வாயில் வெகுநேரம் நின்றது. எரிச்சல் இல்லை. என் மனைவி வழக்கமாகச் சிவப்பு ஒயின் தொடமாட்டாள், அவளும் இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டாள்.

பின்பக்கத்தில் தோட்டத்தின் வயது போட்டிருக்கவில்லை. தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டேன். ஐந்து சிறு தோட்டங்கள், மிகப் பழையது 1938-இல் நட்டது, ஐந்தும் கொஸ்தெர் என்று பதில் வந்தது. அதே ஒயினில் இன்னும் ஆறு புட்டிகள் சொல்லிவிட்டேன். தக்கை, மே மாதம் நானும் வருகிறேன்.